மெழுகுத் தாள் முதல் மெமரி கார்டு வரை: புதுக்கோட்டையைப் படம் பிடித்த கதை

டிஜிட்டல் கேமரா வாங்கும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆனபிறகு கேள்வி மாறிவிடும். பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை, வேறு எதைப் போடலாம்? மெமரி கார்டு நிறைந்துவிட்டது, எந்தக் கார்டு இதில் ஏறும்? கடைக்காரர் மூன்று விலையில் மூன்று பேட்டரிகளை எடுத்து வைப்பார். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எதில் பெரிய எண் போட்டிருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வருவதுதான் வழக்கம்.

பார்த்தால் புதுக் காலத்துக் கேள்விகள் போலத் தெரியும். ஆனால் படம் எடுப்பதற்கான சக்தி எங்கிருந்து வரும், எடுத்த படத்தை எதில் வைத்து பத்திரமாகக் கொண்டு போவது என்ற இரண்டு கவலைகளும் புகைப்படக் கலை பிறந்த நாளிலிருந்தே உண்டு. ஒவ்வொரு காலத்திலும் இதற்கு ஒரு விடை கிடைத்தது. அந்த விடைகளில் எது நிலைத்தது, எது காணாமல் போனது என்று தெரிந்துகொண்டால் இன்று கடையில் எதை எடுப்பது என்பதும் சுலபமாகிவிடும். இந்தக் கதையைத் தொடங்கப் பொருத்தமான ஊர் புதுக்கோட்டை!

1858: மாட்டு வண்டியில் வந்த கேமரா

லின்னேயஸ் ட்ரைப் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1854இல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய் இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். 1856இல் சென்னை ராஜதானி அரசு அவரைத் தன் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு 1858 ஏப்ரல் வரை அவர் தமிழ்நாட்டைச் சுற்றினார். ராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நீண்ட பயணம் அது. அப்போது புதுக்கோட்டை, இராமச்சந்திரத் தொண்டைமான் ஆண்ட தனி சமஸ்தானம். அங்கே எடுத்த படங்கள் 1858இலேயே சென்னையில் ஒரு தனித் தொகுப்பாக வெளிவந்தன. அதற்கு 'போட்டோகிராபிக் வியூஸ் ஆஃப் பூடுக்கோட்டா' என்று பெயர். மதுரைக்கும் தஞ்சைக்கும் கிடைத்த மரியாதை இந்தச் சின்ன சமஸ்தானத்துக்கும் கிடைத்தது.

ட்ரைப்பின் கேமராவில் பேட்டரி கிடையாது. வெயில்தான் சக்தி. மெமரி கார்டின் இடத்தில் இருந்தது காகிதம். வெள்ளி உப்பு ஏற்றிய காகிதத்தைப் பெட்டிக்குள் வைத்து, மூடியைத் திறந்து, ஒளி பட்டபின் அதை இருட்டில் கழுவினால் நெகட்டிவ் கிடைக்கும். படம் எவ்வளவு பெரிதோ, காகிதமும் அவ்வளவு பெரிது. கேமராவும் அதற்கேற்ப பெரிது. எல்லாம் மாட்டு வண்டியில்தான் வரவேண்டும்.

அந்தக் காலத்திலேயே "எதைத் தேர்ந்தெடுப்பது?" என்ற பிரச்சினை இருந்தது. 1851இல் இரண்டு முறைகள் ஏறக்குறைய ஒன்றாக வெளிவந்தன. இங்கிலாந்தின் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்டுபிடித்தது கண்ணாடித் தகடு முறை. படம் மிகத் துல்லியமாக வரும். ஆனால் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியும் ஆகவேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். போகுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் மருந்துப் புட்டிகளும் கூடவே வரவேண்டும். தகடு கீழே விழுந்தால் அவ்வளவுதான்.

பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே சொன்னது மெழுகேற்றிய காகித முறை. கண்ணாடி அளவுக்குத் துல்லியம் வராது. படம் பதியவும் நிமிடக் கணக்கில் ஆகும். ஆனால் காகிதத்தைப் பல நாள் முன்பே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், எடுத்த படத்தைச் சில நாள் கழித்தும் கழுவலாம். உடையாது; எடையும் குறைவு. மாட்டு வண்டிப் பயணத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ட்ரைப்பின் பெரிய படங்கள் பெரும்பாலும் மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில் எடுத்தவைதான். சிறந்தது எது என்று மட்டும் பார்க்காமல், போகிற இடத்துக்குத் தாங்குவது எது என்று பார்த்தவர் அவர்.

அதே பயணத்தில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டை வரிசையாகப் பகுதி பகுதியாக எடுத்தார். 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். இன்று கேமராவில் 'பனோரமா' என்று ஒரு பொத்தானாக இருக்கும் வேலை அது!

அந்தப் பதவி நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், நிதி நிலைமைக்கு இது தாங்காத ஆடம்பரம் என்று கருதித் திட்டத்தை நிறுத்தினார். ட்ரைப் பின்னர் இராணுவப் பணிக்கே திரும்பினார், 1902இல் இறந்தார். ஆனால் படங்கள் பிழைத்தன. காரணம் எளியது. அவற்றைப் பல பிரதிகள் எடுத்து, பல நூலகங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் ஆகிய மூன்று நகரங்களிலும் அவருடைய படங்களின் கண்காட்சி நடந்தது. 150 ஆண்டுகளுக்குப் பிறகும் பார்க்க முடிகிறது!

பிலிம் ரோல் காலம்

1888இல் ஈஸ்ட்மனின் கோடக் கேமரா வந்தது. ரோல் போட்டே விற்றார்கள். 100 படம் எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் கழுவி, பிரிண்ட் போட்டு, புது ரோல் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். லாபம் கேமராவில் இல்லை, திரும்பத் திரும்ப வாங்கும் ரோலில்தான் இருக்கிறது என்ற வியாபார சூத்திரம் அங்கேதான் வேரூன்றியது. இன்றைக்கு பேட்டரி, கார்டு, பிரிண்டர் மை வரைக்கும் அதே சூத்திரம்தான்.

1925இல் லைக்கா கேமரா 35 மி.மீ. பிலிமைப் பிரபலமாக்கியது. அதன் பிறகு உலகம் முழுவதும் ஒரு ரோல் என்றால் 36 படம். எந்தக் கம்பெனி கேமராவிலும் எந்தக் கம்பெனி ரோலும் ஏறும். தமிழ்நாட்டிலேயே ஊட்டியில் 1960இல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் செய்து விற்றது. கோடக் ரோல் போட்ட கேமராவில் மறுநாள் இந்து ரோலைப் போடலாம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிலிமின் இந்தப் பொதுத்தன்மையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. டிஜிட்டல் வந்தபோது முதலில் தொலைந்தது இதுதான்.

அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில் பேட்டரியே கிடையாது. இருந்தாலும் ஒளிமானிக்கு ஒரு பொத்தான் செல், ஃபிளாஷுக்கு நாலு பென்சில் செல். செல் தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். எடுத்த படமும் பிலிமிலேயே இருக்கும்.

பதினாறு பேட்டரி, ஒரு கேசட்

1975இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். அதன் எடை ஏறக்குறைய 3.6 கிலோ. 100க்கு 100, அதாவது 10,000 புள்ளிகள். ஒரு மெகாபிக்சலில் நூறில் ஒரு பங்கு! இந்தக் கட்டுரைக்கு முக்கியமான விவரம் வேறு. அதற்குச் சக்தி கொடுத்தவை 16 நிக்கல் காட்மியம் பேட்டரிகள். படம் பதிவானது சாதாரண ஆடியோ கேசட்டில். ஒரு படத்தை எழுத 23 வினாடி ஆனது. முதல் நாளிலிருந்தே டிஜிட்டல் கேமராவைப் பின்னுக்கு இழுத்தவை பேட்டரியும் சேமிப்பும்தான்.

1988இல் ஃபூஜி நிறுவனம் டி.எஸ்.-1பி என்ற கேமராவை அறிவித்தது. படத்தை சிப் உள்ள ஒரு கார்டில் சேமித்தது. ஆனால் அந்த வகை மெமரிக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். கார்டுக்குள்ளேயே ஒரு குட்டி பேட்டரி இருந்தது. அது தீர்ந்தால் படமும் போய்விடும். 1991இல் கோடக் வெளியிட்ட டி.சி.எஸ். கேமராவில் 200 எம்.பி. ஹார்ட் டிஸ்க்கும் பேட்டரியும் ஒரு தனிப் பெட்டியில். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ட்ரைப்பின் வண்டி தோள்பையாகச் சுருங்கியது என்று சொல்லலாம்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது ஃபிளாஷ் மெமரி. ஜப்பானின் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984இல் இதை உலகுக்கு அறிவித்தார். இன்று கார்டுகளில் இருக்கும் 'நாண்ட்' வகை 1987இல் வந்தது. மின்சாரம் நின்றாலும் இதில் பதிந்தது அழியாது. இதன் செயல்பாட்டைச் சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு சிறு அறையிலும் எலக்ட்ரான்களை ஒரு காப்பு அடுக்கைத் தாண்டிச் செலுத்தி அடைத்து வைக்கிறார்கள். அறை நிறைந்திருக்கிறதா காலியா என்பதுதான் தகவல். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்தக் காப்பு அடுக்கு கொஞ்சம் தேயும். அடைத்து வைத்த எலக்ட்ரான்களும் வருடக் கணக்கில் மெல்லக் கசியும். வெப்பம் அதிகமானால் கசிவும் அதிகம். ஆகவே மெமரி கார்டு அழியாத கல்வெட்டு கிடையாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

கார்டுகளின் போர்

ஃபிளாஷ் மெமரி கிடைத்ததும் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வடிவத்தைக் கொண்டு வந்தது. 1994இல் சான்டிஸ்க் நிறுவனத்தின் காம்பாக்ட் ஃபிளாஷ். 1995இல் தோஷிபாவின் ஸ்மார்ட் மீடியா. 1997இல் சான்டிஸ்க்கும் சீமென்ஸும் சேர்ந்து கொண்டுவந்த மல்டிமீடியா கார்டு. 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக். 1999இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூவரும் சேர்ந்து அறிவித்த எஸ்.டி. கார்டு. 2002இல் ஒலிம்பஸும் ஃபூஜியும் கொண்டுவந்த எக்ஸ்.டி. கார்டு. எட்டே வருடங்களில் ஆறு வடிவம்! பெரும்பாலும் ஒன்றின் கார்டு மற்றொன்றில் ஏறாது.

இதில் யார் ஜெயித்தார்கள்? எஸ்.டி. கார்டு. அது மற்றவற்றைவிட வேகமானது என்பதால் மட்டும் இல்லை. காம்பாக்ட் ஃபிளாஷ் உறுதியானது. தொழில்முறைக் கேமராக்களில் வெகுகாலம் இருந்தது. ஆனால் எஸ்.டி.யைத் தொடங்கிய மூவரும் 2000இல் ஒரு சங்கம் அமைத்து, கட்டணம் செலுத்தும் எந்த நிறுவனமும் அந்தத் தரத்தில் கார்டோ கருவியோ செய்யலாம் என்றாக்கினார்கள். பல கம்பெனிகள் செய்ததால் விலை இறங்கியது. விலை இறங்கியதால் கேமராக்காரர்கள் அதையே தேர்ந்தெடுத்தார்கள். மெமரி ஸ்டிக்கும் எக்ஸ்.டி.யும் ஒன்றிரண்டு கம்பெனிகளின் கைக்குள்ளேயே இருந்தன. கடைசியில் 2010இல் சோனியே தன் கேமராக்களில் எஸ்.டி. கார்டுக்கும் இடம் கொடுத்துவிட்டது. 35 மி.மீ. பிலிமில் இருந்த பழைய பொதுத்தன்மை இப்படித் திரும்பி வந்தது.

தோற்றுப்போன வடிவத்தில் கேமரா வைத்திருப்பவருக்கு என்ன வழி? எக்ஸ்.டி., ஸ்மார்ட் மீடியா கார்டுகள் இப்போது பழைய சரக்காகத்தான் கிடைக்கும். விலையும் கூடுதல். அந்தக் கேமராக்களில் உள்ள படங்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவதே நல்லது. கார்டைப் படிக்கும் கருவியும் அரிதாகிக்கொண்டே வருகிறது.

எஸ்.டி.யிலும் உட்பிரிவு உண்டு

எஸ்.டி. கார்டு ஒரே அளவில் இருந்தாலும் உள்ளே தலைமுறைகள் மாறியிருக்கின்றன. முதல் தலைமுறை 2 ஜி.பி. வரை. 2006இல் வந்த எஸ்.டி.எச்.சி. 32 ஜி.பி. வரை. 2009இல் அறிவித்த எஸ்.டி.எக்ஸ்.சி. 2 டி.பி. வரை. புதிய கேமராவில் பழைய கார்டு வேலை செய்யும். பழைய கேமராவில் புதிய கார்டு வேலை செய்யாது. 2004ஆம் வருடக் கேமராவில் 16 ஜி.பி. கார்டைப் போட்டுவிட்டு "கார்டு எரர்" என்று வந்ததும் கார்டு டூப்ளிகேட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கார்டு சரியாகத்தான் இருக்கும். கேமராவுக்குத்தான் அந்த மொழி தெரியாது. ஆகவே முதலில் கேமராவின் கையேட்டைப் பார்க்க வேண்டும். 2 ஜி.பி.க்கு மேல் சொல்லவில்லை என்றால் 2 ஜி.பி.யே போதும். 8 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் சுமார் 3 முதல் 4 எம்.பி. வரும். 2 ஜி.பி.யில் 500 படத்துக்கு மேல் பிடிக்கும். பிலிம் கணக்கில் 14 ரோல்!

கார்டின் மேல் வட்டத்துக்குள் 2, 4, 6, 10 என்று ஓர் எண் இருக்கும். தொடர்ந்து எழுதும்போது வினாடிக்குக் குறைந்தது அத்தனை எம்.பி. வேகம் உறுதி என்று பொருள். வெறும் புகைப்படத்துக்கு 4 கூடப் போதும். வீடியோ எடுப்பவருக்குத்தான் 10 வேண்டும். அதற்கு மேலான வேகத்துக்குக் காசு கொடுத்தாலும் பழைய கேமரா அதைப் பயன்படுத்திக்கொள்ளாது.

அடுத்தது போலிக் கார்டுகள். 4 ஜி.பி. சிப்பை வைத்து, 64 ஜி.பி. என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும்படி மாற்றி விற்பது உலகம் முழுவதும் நடக்கிறது. முதல் 4 ஜி.பி. வரை எல்லாம் ஒழுங்காகப் பதியும். அதற்குப் பிறகு எடுத்த படங்கள் பெயரளவில் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. வாங்கிய அன்றே கார்டு முழுக்க ஏதாவது எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்த்துவிட வேண்டும். இதற்கென்றே எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. கல்யாண வீட்டில் போய்த் தெரிந்துகொள்வதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்வது மேல் அல்லவா?

பேட்டரிக் கதை, காரைக்குடி வழியாக

இனி பேட்டரி. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகத் தெற்கே போனால் காரைக்குடி. அங்கே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், பேட்டரி ஆராய்ச்சிக்கு இந்தியாவிலேயே பெயர் பெற்றது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இந்தியாவிலேயே லித்தியம் அயான் பேட்டரி தயாரிப்பதற்கான தொழில்நுட்பத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் 2018இல் இந்த ஆய்வகம் கையெழுத்திட்டது.

கேமராவுக்கான பேட்டரிகள் பெரும்பாலும் இரண்டு குடும்பம். ஒன்று, கடையில் கிடைக்கும் பென்சில் செல், அதாவது ஏ.ஏ. அளவு. மற்றொன்று, அந்தந்தக் கேமராவுக்கென்றே செய்யும் லித்தியம் அயான் பேட்டரி.

ஏ.ஏ. அளவுக்குள் மூன்று வகை உண்டு. சாதாரண துத்தநாகக் கார்பன் செல் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சரி. கேமராவில் போட்டால் பத்துப் படத்தில் படுத்துவிடும். அல்கலைன் அதைவிட மேல். ஆனால் ஃபிளாஷ் போல ஒரேயடியாக நிறைய மின்சாரம் கேட்கும் கருவியில் அதுவும் சீக்கிரம் இறங்கிவிடும். மூன்றாவது, சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. இதன் அழுத்தம் 1.2 வோல்ட்தான், அல்கலைன் 1.5 வோல்ட். எண்ணைப் பார்த்தால் அல்கலைன்தான் பெரிது. ஆனால் பெரிய சுமையில் அல்கலைனின் அழுத்தம் சரிந்துவிடும், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கடைசி வரை ஏறக்குறைய 1.2லேயே நிற்கும். கேமராவுக்கு வேண்டியது அதுதான்.

பழைய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களுக்கு ஒரு குறை இருந்தது. சும்மா வைத்தாலே சார்ஜ் இறங்கிக்கொண்டே போகும். போன மாதம் சார்ஜ் ஏற்றி வைத்ததை நம்பித் திருவிழாவுக்குப் போனால் ஏமாற்றம்தான். 2005இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற செல்லைக் கொண்டுவந்தது. ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். அதன் எம்.ஏ.எச். எண் அன்றைய மற்ற செல்களைவிடக் குறைவு. 2700 என்று எழுதிய செல்லுக்குப் பக்கத்தில் 2000 என்று எழுதிய எனிலூப் சிறியதாகத் தெரிந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எது வேலை செய்யும் என்பதில் சந்தேகமே இல்லை. இன்று பல கம்பெனிகள் இந்த வகையைச் செய்கின்றன. உறையில் 'முன்பே சார்ஜ் ஏற்றியது' என்று குறிப்பிட்டிருக்கும்.

லித்தியம் அயான் பேட்டரியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது சோனி, 1991இல். இதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் கொஞ்சம் கோபக்காரப் பேட்டரி. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ உள்ளே குறுக்குத் தொடர்பு ஏற்பட்டாலோ சூடேறி உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். அதனால்தான் ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஒரு பாதுகாப்புச் சுற்று வைக்கிறார்கள். 2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம், மட்சுஷிட்டா தயாரித்த 4.6 கோடி பி.எல்.-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகக்கூடும் என்று அறிவித்து மாற்றித் தர முன்வந்தது. பெரிய நிறுவனங்களின் அசல் பேட்டரிக்கே இந்த நிலை என்றால், பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா என்றே தெரியாத மலிவு பேட்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாற்று பேட்டரி வாங்கும்போது என்ன பார்ப்பது?

முதலில், பழைய பேட்டரியின் மேல் உள்ள மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் வேறு பேட்டரி.

இரண்டாவது, வோல்ட். 3.6 என்றும் 3.7 என்றும் எழுதுவது ஒரே வகைதான், அது பரவாயில்லை. 3.7 கேமராவுக்கு 7.4 பேட்டரி கூடவே கூடாது.

மூன்றாவது, எம்.ஏ.எச். அசல் பேட்டரியில் 1000 என்றிருக்க, அதே அளவுள்ள மாற்று பேட்டரியில் 2500 என்று போட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். அதே டப்பாவுக்குள் இரண்டரை மடங்கு அரிசி எப்படி அடங்கும்?

நான்காவது, இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகளுக்கு ஐ.எஸ். 16046 என்ற தரப் பதிவு கட்டாயம். அந்தக் குறியும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஐந்தாவது, தயாரித்த தேதி. லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் இருந்தாலும் வயதாகும். ஆறு வருடம் கடையில் தூங்கிய 'புதுப்' பேட்டரி புதிது ஆகாது.

இன்னொரு விஷயம். கேமராப் பெட்டியில் 'ஒரு சார்ஜில் 300 படம்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கமான சிபாவின் சோதனைக் கணக்கு. அதில் ஒன்று விட்டு ஒரு படத்துக்கு ஃபிளாஷ் அடிப்பார்கள். ஃபிளாஷ் குறைத்து, திரையை அடிக்கடி பார்க்காமல் இருந்தால் அதைவிடக் கூடுதலாகவே எடுக்கலாம்.

மலை மேல் பிளக் பாயிண்ட் கிடையாது

புதுக்கோட்டை மாவட்டத்தில் படம் எடுக்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் மிகவும் தேவை. நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரத்துக்குப் பாறை ஏறிப் போகவேண்டும். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்தின் சமணர் படுக்கைகளுக்கும் மலை ஏறித்தான் போகவேண்டும். குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் சின்னச் சின்ன எழுத்துகளைப் பதிய, வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்துக்குக் காத்திருந்து பல படம் எடுக்கவேண்டும். சித்தன்னவாசல் ஓவியங்களின் மேல் ஃபிளாஷ் அடிப்பது தவறு. குகையின் மங்கல் வெளிச்சத்திலேயே திரையைப் பார்த்துப் பார்த்து எடுக்கையில் பேட்டரி வேகமாக இறங்கும். இங்கேயெல்லாம் பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் போட இடமில்லை.

ஆகவே ஒரு பெரிய கார்டைவிட இரண்டு நடுத்தரக் கார்டு, ஒரு 'சூப்பர்' பேட்டரியைவிட இரண்டு நம்பகமான பேட்டரி. ஏ.ஏ. செல் போடும் பழைய கேமராவுக்கு இங்கே ஒரு லாபம் உண்டு. சார்ஜ் தீர்ந்துவிட்டால் மலையடிவாரப் பெட்டிக்கடையிலாவது அல்கலைன் செல் கிடைத்துவிடும். அன்றைய வேலை ஓடிவிடும். பேட்டரியையும் கார்டையும் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டு வைக்கக் கூடாது. இரண்டுக்கும் சூடு ஆகாது. பல நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைக்கலாம்.

தவறிப்போய்ப் படங்களை அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேலே ஒரு படம்கூட எடுக்காமல் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். அழித்தல் என்பது பெரும்பாலும் பெயர்ப்பட்டியலை மட்டும்தான் நீக்கும். போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் பெரும்பாலானவற்றை மீட்க முடியும். மேலே எழுதிவிட்டால் மீட்பது நடக்காது.

ஒரு படத்தின் விலை

ஒரு கார்டுக்காக இத்தனை கவனம் தேவையா என்று தோன்றலாம். கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊர் சோழர் காலச் சிவன் கோயிலின் நடராசர் சிலை திருடு போய், 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. இது எங்கள் கோயில் சிலைதான் என்று எப்படி நிரூபிப்பது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து வைத்திருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் 1994இல் ஸ்ரீபுரந்தானில் எடுத்த படமும் இருந்தது. அந்தப் படம் சாட்சி சொன்னது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து சிலையை ஒப்படைத்தார்.

படம் எடுத்தவருக்கு அன்று இது தெரிந்திருக்காது. பட்டியலில் இன்னும் ஒரு கோயில், அவ்வளவுதான். ஆனால் எடுத்த படம் வரிசை எண்ணோடு, ஊர்ப்பெயரோடு, ஓர் ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருந்தது. அதே படம் ஒரு மலிவான கார்டில் மேசை டிராயரில் கிடந்திருந்தால்?

இன்று ஒவ்வொரு ஊரிலும் மாணவர்களும் ஆர்வலர்களும் கோயிலையும் கல்வெட்டையும் நடுகல்லையும் படம் எடுக்கிறார்கள். பிலிம் காலத்தில் ஒருவர் ஆயுளில் எடுத்ததை இப்போது ஒரு வாரத்தில் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் 1858இன் காகிதம் இன்னும் இருக்கிறது. 2003இல் எடுத்த எத்தனையோ டிஜிட்டல் படங்கள் இல்லை. கார்டு கெட்டது, கம்ப்யூட்டர் மாறியது, படிக்கும் கருவி கிடைக்கவில்லை.

மெமரி கார்டு வண்டிதான், பத்தாயம் இல்லை. வயலிலிருந்து நெல்லை வீடு சேர்ப்பது அதன் வேலை. வீடு வந்ததும் இறக்கிவிட வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, முடிந்தால் வேறு ஊரிலோ இணையச் சேமிப்பிலோ ஒரு பிரதி. எந்த ஊர், எந்தக் கோயில், என்ன தேதி என்று ஒரு குறிப்பும் வேண்டும். முக்கியமான நாலு படத்தைப் பிரிண்ட் போட்டு வைப்பதிலும் தவறில்லை.

ஆக, கடையில் கேட்கவேண்டிய கேள்வி "எது பெரிது?" என்பது இல்லை. இது என் கேமராவில் ஏறுமா, நான் போகும் இடத்தில் தாங்குமா, நாளைக்கு வேறொருவர் இதைத் திறந்து பார்க்க முடியுமா? இந்த மூன்றையும் கேட்டு வாங்குபவர் ஏமாறமாட்டார். புதுக்கோட்டைக்கு மாட்டு வண்டியில் வந்தவர் காகிதத்தைத் தேர்ந்தெடுத்தபோது பார்த்ததும் ஏறக்குறைய இதைத்தான்.